எய்லியின் திசைகாட்டி

முதல் நாள் காலையிலேயே மர்டோ நான்கு பேரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சதுப்பில் இறக்கினார்.

தயங்கித் தடுமாறி இறக்கியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். அவர் தேர் போல நடந்தார். திசைகாட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சிவப்பு ஊசிமுனை சொன்ன பக்கம், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வடக்கே, மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஆட்டுப்பட்டியைப் போய்ச் சேர வேண்டும். அதுதான் முதல் பயிற்சி. வழிகாட்டுகிறவர் கையில் மட்டும் திசைகாட்டி, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு பின்னால் வர வேண்டும் என்பது விதி. மேகம் கவிந்து சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத காலை. போதாக்குறைக்கு, இவர் எய்லியின் கணவர். அந்த மலைகளைத் தன் சமையலறை போல அறிந்திருந்த எய்லியின் கணவருக்கு ஆட்டுப்பட்டியா தெரியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்று சொல்வதற்கில்லை. ஆழம் தெரிந்த பிறகும் இன்னும் நான்கு அடி வைத்தார்.

"யோவ் மர்டோ, என் பூட்ஸ் ஒண்ணு உள்ளயே போயிடுச்சுய்யா!" என்று கத்தினார் டூகல். ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.

"பிடுங்குங்க டாக்டர். என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினப்போ காட்டின வீரத்தை இங்கயும் காட்டுங்க."

"உன் பல்லு இவ்வளவு ஆழத்துல இல்லய்யா!"

கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதி இருவரும் தொடை வரை சேற்றில் நின்று, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் சேறும் இனிக்கும்.

கடைசியாக வந்துகொண்டிருந்தவள் ஷோனா. இந்த இரண்டு நாள் வகுப்பை நடத்துகிறவள். தப்புச் செய்தால்தான் பாடம் ஏறும் என்பது அவள் கொள்கை, அதனால்தான் தடுக்கவில்லை. ஆனாலும் வடக்கே போகச் சொன்னால் நேர் தெற்கே போகிற மாணவரை அவள் பார்த்ததில்லை.

"கொடுங்க மர்டோ, பார்ப்போம்" என்று திசைகாட்டியை வாங்கினாள். தன்னுடையதை மறு கையில், நன்றாகத் தள்ளிப் பிடித்து, இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்றின் சிவப்பு முனை மலையைக் காட்டியது. மற்றதன் சிவப்பு முனை, அதே உறுதியோடு, அவர்கள் நின்ற சேற்றைக் காட்டியது.

ஷோனாவின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது.

"காந்தம் பட்டிருக்கு. காந்தம் பக்கத்துலயே இருந்தா ஊசி தலைகீழா மாறிடும். காந்தத்தை எடுத்தாலும் அப்படியேதான், வடக்குன்னு தெற்கைக் காட்டும். இப்பல்லாம் ஃபோனாலதான் நடக்குது. ஃபோன் பக்கத்துல வச்சிருந்தீங்களா?"

"என் ஃபோனா? அது வண்டியில கிடக்கு. பொத்தான் ஃபோன். அதுல காந்தம் எங்க இருக்கு, உயிரே பாதிதான் இருக்கு."

"இது..." ஷோனா திசைகாட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் பழைய நெயில் பாலிஷால் 'எ' என்று ஓர் எழுத்து. "இது அவங்களோடதா?"

"ஆமா. அவளோடது."

"நான் வேற ஒண்ணு தர்றேன்."

"சரி. ஆனா இது எப்போ தலைகீழாச்சு?"

"அது எப்ப வேணும்னாலும் ஆகியிருக்கலாம், மர்டோ" என்றாள் ஷோனா. சொல்லும்போது டூகலின் பூட்ஸ் மூழ்கிய குழியைத்தான் பார்த்தாள்.

* * *

மர்டோவுக்கு இந்த மாதிரி பதில்கள் பழக்கம்.

அவர் பேருந்து ஓட்டுநர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே தடம். ஒருநாள் சாலை வேலைக்காகத் தடம் மாற்றிவிட்டபோது, பயணிகளோடு ஒரு மீன் பதப்படுத்தும் ஆலைக்குள் போய் நின்றவர். சூப்பர் மார்க்கெட்டில் மாவு இருக்கும் வரிசையை விட்டு வெளியே வரத் தெரியாதவர். எய்லி அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவளுக்கு மலை. மர்டோ வண்டியில் கொண்டுபோய் அடிவாரத்தில் இறக்கிவிடுவார். அவள் ஏறுவாள். அவர் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, ஃபிளாஸ்க் தேநீரும் செய்தித்தாளுமாகக் காத்திருப்பார்.

"எப்போ வருவ?"

"இதோ, அந்த மேடு ஒண்ணுதான். தாண்டினா வந்துடுவேன்."

அந்த மேட்டுக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு மேடு இருக்கும். அவள் வாழ்நாளில் இந்தக் கேள்விக்கு ஒருமுறைகூட நேராகப் பதில் சொன்னதில்லை. ஆனால் வந்துவிடுவாள். இடது தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பையின் வாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு வாசனையோடு வருவாள். உச்சியில் ஆரஞ்சு தின்பாள். தோலைக் கீழே போடமாட்டாள், பையில் போட்டுக்கொண்டு வருவாள். அவள் கோட்டுப் பைகள் எல்லாம் வருடம் முழுக்கக் காய்ந்த ஆரஞ்சுத் தோலாய் மணக்கும்.

போன அக்டோபருக்கு முந்தின அக்டோபரில், கார்ன் நகியோ என்ற இந்த மலையிலிருந்து அவள் வரவில்லை.

உச்சியில் ஒரு கற்குவியல். அங்கிருந்து மேற்கே இறங்கினால் கல்சுவர், ஆட்டுத்தடம், வண்டி, மர்டோ. கிழக்கே போனால் கொஞ்ச தூரம் தட்டையான பாசித்தரை. பிறகு ஒன்றுமில்லை. வெறும் காற்று. அன்று மூடுபனி. கண்ணைக் கட்டி விட்டால்கூட வழி கண்டுபிடிப்பவள், உச்சியிலிருந்து கிழக்கே நடந்திருந்தாள். சற்று விலகிக்கூட இல்லை. கோடு போட்டது போல நேர் கிழக்கே.

ஏன்?

போலீஸ்காரர் "மலையில இதெல்லாம் நடக்கும் சார்" என்றார். பாதிரியார் "ஆண்டவர் வழிகளை நாம் அறிவோமா" என்றார். எய்லியின் அக்கா அவர் கையை மட்டும் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் இருந்ததைத்தான் மர்டோவால் தாங்க முடியவில்லை. ஊரில் பின்னால் பேசினார்கள், அவர் காதிலும் விழுந்தது. அவ்வளவு வழி தெரிந்தவள் வழி தவறுவாளா? தெரிந்தேதான் போயிருப்பாள். வீட்டில் என்ன வருத்தமோ.

வீட்டில் வருத்தம் எதுவும் இருந்ததாக மர்டோவுக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாதது எத்தனையோ இருந்ததே. மாவு வரிசையிலிருந்து வெளியே வரும் வழியே தெரியாதவருக்கு மனைவியின் மனம் மட்டும் தெரிந்திருக்குமா?

அவள் என்னிடம் வந்துகொண்டிருந்தாளா? என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தாளா?

இந்த ஒன்றுக்காகத்தான் ஐம்பத்தெட்டு வயதில் வரைபடம் படிக்க வந்திருந்தார். அவள் நடந்த கோட்டைத் தானும் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அவளைத் தூக்கிக் கொண்டுவந்த மீட்புக் குழுவில் ஷோனாவும் இருந்தாள் என்பதாலேயே அவள் வகுப்பில் சேர்ந்தார்.

* * *

சாயங்காலம், பள்ளத்தாக்கின் கோடியில் இருந்த பழைய வேட்டைக் குடிலில், ஈரக் காலுறைகள் அடுப்பைச் சுற்றிக் கருவாடு போலத் தொங்க, எல்லோரும் சூப் குடித்தார்கள். ஷோனா மறுநாள் பாடத்தைச் சொன்னாள்.

"மூடுபனியில குறி வச்சு நடக்க எதிர்ல பாறையோ மரமோ தெரியாது. அப்போ ஆளையே பாறையா நிறுத்திக்கணும். ஒருத்தர் முன்னாடி போகணும், பின்னாடி இருக்கறவர் கண்ணுக்குத் தெரியற எல்லை வரைக்கும். திசைகாட்டி பின்னாடி இருக்கறவர்கிட்ட. அவர் இடதுன்னா இடது, வலதுன்னா வலது, நில்லுன்னா நிக்கணும். அப்புறம் இவர் நடந்து அவர்கிட்ட போய்ச் சேரணும். திரும்ப அனுப்பணும். முன்னாடி போறவர் எதையும் யோசிக்கக் கூடாது. குரலை நம்பணும், அவ்வளவுதான்."

"எங்க வீட்டுலயும் இப்படித்தான். நாங்க அதைக் கல்யாணம்னு கூப்பிட்டோம்" என்றார் மர்டோ.

புதுமணத் தம்பதி சிரித்தார்கள். டூகலும் சிரித்தார். ஷோனா மட்டும் கரண்டியால் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி போறவங்க வழி தவறிட்டா?" என்று கேட்டாள் அந்தப் புதுப்பெண்.

"தவற மாட்டாங்க. பின்னாடி ஒரு குரல் இருக்கற வரைக்கும்."

மற்றவர்கள் எழுந்து போனபின் மர்டோ மறுபடி கேட்டார். "ஷோனா, நீ அவளைப் பார்த்தியே. அவ திசைகாட்டியை அன்னிக்குப் பார்த்தியா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு மர்டோ. வீட்டுல எங்கேயாவது காந்தம் பட்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவுல ஒட்டுவாங்களே, அந்த மாதிரி."

"வீட்டுல அது ஜன்னல் ஓரமா மரக் கிண்ணத்துல இருந்தது. நான் தொடக்கூட இல்லம்மா."

"சூப் ஆறுது, சாப்பிடுங்க" என்று எழுந்தாள் ஷோனா.

அவள் நல்ல பெண். அதனால்தான் அவளுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை.

* * *

மறுநாள் உச்சியை அடையும் வரை வானம் தெளிவாக இருந்தது. கற்குவியல் அருகே உட்கார்ந்து ஓட்ஸ் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். மர்டோ கிழக்கே பார்க்கவில்லை. முதுகு காட்டி உட்கார்ந்தார். பைக்கு அடியில், காலுறைக்குள் சுருட்டி, எய்லியின் திசைகாட்டி இருந்தது. இரண்டு திசைகாட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று குழப்பும் என்று ஷோனா சொல்லியிருந்தாள். அதனால்தான் அவ்வளவு ஆழத்தில்.

மூடுபனி கீழேயிருந்து வந்தது. முதலில் பள்ளத்தாக்கு போயிற்று. பிறகு சரிவு. பிறகு, யாரோ போர்வையை இழுத்து மூடியது போல, அவர்களும்.

காற்று நின்றுவிட்டது. ஆடுகளின் சத்தம் இல்லை. தன் கோட்டில் ஈரம் முத்து முத்தாய்ப் பூப்பது மட்டும் மர்டோவுக்குத் தெரிந்தது.

"நமக்கு வேண்டியது வந்துடுச்சு" என்றாள் ஷோனா. "மேற்கே, கல்சுவர் வரைக்கும். மர்டோ, டூகல், நீங்க முதல்ல. நாங்க பின்னாடியே வர்றோம். விசில் கேக்கற தூரத்துலதான் இருப்போம்."

மர்டோ புதுத் திசைகாட்டியில் கோணத்தை வைத்தார். இரண்டு தடவை சரிபார்த்தார். மூன்றாவது தடவையும்.

"போங்க டாக்டர்."

பூட்ஸ் சத்தம் பாசியில் அமுங்கியது. வெளுப்புக்குள் ஓர் உருவம் முன்னால் போயிற்று. மெல்லியதாக, சாம்பல் நிறமாக.

"கொஞ்சம் இடது... இன்னும்... இன்னும்... நில்லுங்க!"

உருவம் நின்றது.

மர்டோ பெருமையோடு நடந்தார். பேருந்தை நிறுத்தத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் நிறுத்தும்போது வருகிற அதே பெருமை. உருவம் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

யாரும் இல்லை.

பாசியில் ஒரு தடம்கூட இல்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. "யோவ் மர்டோ! பூட்ஸ் கயிறு கட்டிட்டு இருக்கேன்யா. நான் இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள யாரைப் பார்த்து இடது, இடதுங்கற?"

மர்டோவின் வாயில் ஒரு நகைச்சுவை தயாராக வந்தது. நாக்குக்கு வரும்முன் செத்துப்போயிற்று.

மூடுபனியில் ஆரஞ்சு மணந்தது.

டூகல் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "என்னய்யா, பேயடிச்ச மாதிரி நிக்கற?"

"டாக்டர், ஆரஞ்சு தின்னீங்களா?"

"எனக்கு அதெல்லாம் ஆகாது. பல்லு கூசும்."

"போங்க. நேரா போங்க."

டூகல் போனார். மஞ்சள் கோட்டு. இந்தமுறை மர்டோ கண்ணை இமைக்கவில்லை. மஞ்சள் மங்கி, எல்லையில் ஒரு கறையாக நின்றது.

மஞ்சளுக்குப் பக்கத்தில் நிறமே இல்லாத இன்னொன்று நின்றது.

ஒரு தோள் சாய்ந்திருந்தது.

"டாக்டர்" என்றார் மர்டோ மெதுவாக. "அசையாதீங்க."

"மர்டோ..." டூகலின் குரலும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "என் பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்கய்யா."

நிறமில்லாத உருவம் நகர்ந்தது. டூகலை விட்டு விலகி, மர்டோவை நோக்கி வந்தது. ஒரு கை பை வாரைப் பிடித்திருந்தது. மறு கை நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கையில் எதையோ ஏந்தியபடி. தலை குனிந்து, கையிலிருந்ததைப் பார்த்தபடி. அவரைத் தாண்டிப் போனது. கை நீட்டினால் தொடும் தூரம். குளிர் அவர் இடப்பக்கம் முழுதையும் மரக்கச் செய்தது. முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் மூடுபனிதான்.

ஆனால் நடை அவருக்குத் தெரியும்.

அது மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. தயங்காமல், திரும்பிப் பார்க்காமல், கோடு போட்டது போல.

நேற்றுக் காலை தான் சேற்றுக்கு நடந்தது போல.

அந்தக் கணத்தில்தான் மர்டோவுக்கு அது உறைத்தது. கையில் இருப்பதை நம்பி நடக்கிறவளின் நடை அது. சாகப் போகிறவளின் நடை இல்லை. வீட்டுக்குப் போகிறவளின் நடை. அந்தக் கையில் இருப்பது பொய் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு வருடமாகத் தெரியாது. மூடுபனி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவள் உச்சியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பி, அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கிறாள்.

பின்னால் ஒரு குரல் இல்லாமல்.

"எய்லி!"

உருவம் நிற்கவில்லை.

மர்டோ திரும்பினார். வகுப்பில் கற்ற வார்த்தை ஒன்றுதான் ஞாபகம் வந்தது. வயிற்றிலிருந்து கத்தினார்.

"நில்லு!"

அது நின்றது.

கிழக்கே, வெளுப்புக்குள், அதற்கு முன்னால் தரை எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"திரும்பும்மா. கையில இருக்கறதைப் பார்க்காத. என் குரலைக் கேளு. திரும்பு... அப்படித்தான். இப்போ என்னைத் தாண்டிப் போ."

ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு குளிர் அவரைக் கடந்து போயிற்று. காய்ந்த ஆரஞ்சுத் தோலும் நனைந்த கம்பளியும் மணந்தன. அவர் கையை நீட்டினார். விரல்களில் ஈரம்தான் பட்டது.

"கொஞ்சம் வலது. இன்னும் கொஞ்சம். நில்லு."

நின்றது. அவர் நடந்து போய்ச் சேர்ந்தார். போய்ச் சேர்ந்ததும் அங்கே இல்லை, முன்னால் எல்லையில் நின்றது.

"இடது, தாயி. அங்க ஓடை இருக்கு, பார்த்து. நில்லு."

இப்படியே இறங்கினார்கள். டூகல் மர்டோவின் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பல் மருத்துவரின் பற்களே தந்தியடித்தன. மர்டோவுக்கு அழுகையாக வந்தது. அழுதால் கோணம் பிசகிவிடும் என்று அடக்கிக்கொண்டார். இத்தனை வருடமும் அடிவாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர், முதல் தடவையாக அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எவ்வளவு தூரம்னு கேக்க மாட்டியா?" என்றார் மூடுபனியைப் பார்த்து. "கேளேன். இதோ, அந்த மேடு ஒண்ணுதான்."

கல்சுவர் கறுப்பாகத் தெரிந்தது. அங்கே மூடுபனி கிழிந்து கீழே பள்ளத்தாக்கும், வண்டிகளும், ஈரச் சாலையும் தெரிந்தன. உருவம் சுவருக்கு இந்தப் பக்கம், வெளுப்பின் கடைசி விளிம்பில் நின்றது.

"வா" என்றார் மர்டோ. "வண்டி அதோ நிக்குது."

அவர் சுவரைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஆடு ஒன்று மட்டும் நின்று, அவருக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

* * *

வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு மரமேசை உண்டு. டூகல் தன் வண்டிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, நாக்குக்கடியில் ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பதி ஈர உடை மாற்றப் போனார்கள். ஷோனா மேசைக்கு வந்தாள். வெளிறிப்போயிருந்தாள்.

"நீங்க கத்தினது எங்களுக்குக் கேட்டது. யாரைக் கூட்டிட்டு வந்தீங்க, மர்டோ?"

"முதல்ல நீ சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

மர்டோ பையைக் கவிழ்த்தார். காலுறையிலிருந்து எய்லியின் திசைகாட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊசி ஆடியது. அடங்கியது.

அது வடக்கைக் காட்டவில்லை. தெற்கையும் காட்டவில்லை. சிவப்பு முனை மர்டோவின் வயிற்றைப் பார்த்து நின்றது.

அவர் ஓரடி தள்ளி நின்றார். ஊசியும் அவர் பக்கமே திரும்பியது.

"சாவி வச்சிருக்கீங்களா?" என்றாள் ஷோனா. "இரும்பு ஏதாவது?"

சாவி போயிற்று. கைக்கடிகாரம் போயிற்று. இடுப்புப் பட்டையின் கொக்கியும் போய், கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார் மர்டோ. இந்த வயதில் பொது இடத்தில் நிற்கக்கூடிய கோலம் இல்லை. இன்னொரு நாளாயிருந்தால் இதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பார். ஊசி அசையாமல் அவரையே பார்த்தது.

"ஷோனா. இது எப்போ தலைகீழாச்சு?"

"மர்டோ, அது வந்து... அன்னிக்கு இருட்டிடுச்சு, எங்களுக்கும் பதற்றம், நான் சரியாப் பார்த்தேனான்னுகூட..."

"அந்த உறைதானே?"

ஷோனா ஊசியை விட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

எய்லியின் பிறந்தநாளுக்கு மர்டோ வாங்கித் தந்தது. ஃபோனுக்குத் தோல் உறை. காந்தப் பூட்டு. மூடினால் 'டப்' என்று கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். அவள் அதை முதல்முதலாக மலைக்கு எடுத்துப்போனது அந்த ஞாயிற்றுக்கிழமை. அடக்கம் நடந்த நாளில், துக்கத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், வழக்கம்போல ஒரு நகைச்சுவை செய்தார். 'என்ன இருந்தாலும் தரமான பொருள் பாருங்க, அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தும் ஃபோனுக்கு ஒரு கீறல் இல்ல.' யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அது ஷோனா.

"ரெண்டும் ஒரே பையில இருந்தது" என்றாள் ஷோனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏறும்போது பூரா ஒரே பையில. நீங்க அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்ல? எந்த வாயால சொல்ல?"

மர்டோ தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மேசையை விட்டு நடந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நிறுத்துமிடத்தின் கோடிக்குப் போய், மேசைக்கும் மலைக்கும் முதுகைக் காட்டி நின்றார். தோள்கள் குலுங்கின.

நான் கொடுத்ததுதான் அவளை அங்கே கொண்டுபோயிற்று. அவள் வந்துகொண்டிருந்தது என்னிடம். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி வைத்துக்கொள்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

மலைமேல் மூடுபனி முழுதாக விலகியிருந்தது. காற்றே இல்லாத அந்த இடத்தில், அவர் பின்கழுத்தில் மட்டும் ஆரஞ்சு மணக்கும் ஒரு குளிர் வந்து நின்றது.

அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ஷோனா" என்றார், திரும்பாமலே. "மேசையிலதானே இருக்கு அது? மழுப்பாம சொல்லும்மா. ஊசி இப்போ எந்தப் பக்கம் காட்டுது?"

ஷோனா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"உங்களை."